வீட்டுக் கணக்கு எழுத எந்த நோட்டு?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், மதுரையில் எங்கள் தெருமுனை ஸ்டேஷனரி கடையில் போய் நின்று, "பட்ஜெட் பிளானர் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"அப்படின்னா? டைரியாக்கா?"

"டைரி இல்லண்ணே. வீட்டு வரவு செலவு எழுதுறது."

"கணக்கு நோட்டுன்னு கேளுங்க" என்றபடி சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். 70 ரூபாய். பார்த்ததும் எனக்குப் பலசரக்குக் கடையின் பாக்கி நோட்டுதான் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து, பூப்போட்ட அட்டை, ஸ்டிக்கர், நடுவில் ரிப்பன் என்று அலங்காரமாக இருந்த பிளானர் ஒன்றை 449 ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

அந்தப் பிளானர் சித்திரையைத் தாண்டவில்லை. அப்புறம் டைரி, ஜப்பான் முறை, கவர் முறை, ஜெராக்ஸ் எடுத்துக் கோத்த ஃபைல் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, இப்போது அந்தக் கடைக்காரர் எடுத்துப் போட்ட அதே ரக நோட்டில்தான் எழுதுகிறேன். அதற்காக எல்லோரும் அதையே வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை வீட்டுக்கு அது சரிப்படாது. ஏன் என்று பின்னால் வருகிறது.

ஆப் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பணம் இரண்டு போன் வழியாகப் போகிறது. அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) கையில் இருக்கும் ரொக்கம் மூன்றாவது வழி. 2016-ல் யுபிஐ வந்த பிறகு செலவெல்லாம் எங்கேயோ பதிவாகிறது என்பது சரிதான். ஆனால் ஏதோ ஒரு ஸ்டோர்ஸ் பெயரும் 160 ரூபாயும் மட்டும் இருந்தால், அது ஜாமெட்ரி பாக்ஸா ஷாம்புவா என்று பத்து நாள் கழித்து யாருக்குத் தெரியும்? ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும் நோட்டு மூன்று பேருக்கும் பொது. அது போதும் எனக்கு.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்

எந்த நோட்டையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பணம் எந்தெந்தத் தேதியில் வருகிறது, எந்தெந்தத் தேதியில் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் அட்டையைப் பார்த்து வாங்கினேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

கடையில் விற்கும் பெரும்பாலான பிளானர்கள், எல்லாச் செலவும் மாதாமாதம் வரும் என்று நம்பி அச்சடிக்கப்பட்டவை. நம் ஊரில் பணம் அப்படியா போகிறது? கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. வீட்டு வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. பள்ளிக்கூடத்தில் டெர்ம் ஃபீஸ். வண்டி இன்ஷூரன்ஸ் வருஷத்துக்கு ஒன்று. ஆடி கழிந்ததும் ஆவணியில் வரிசையாகக் கல்யாணப் பத்திரிகைகள். தீபாவளி ஐப்பசியில், அதற்கான கைக்காசு புரட்டாசியிலேயே கரைய ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். மூன்று டெர்ம் ஃபீஸ் 42,000. வீட்டு வரி இரண்டு தடவை சேர்த்து 3,600. ஆயுள் காப்பீடு அரையாண்டுக்கு 12,500 வீதம் 25,000. இரண்டு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் 3,400. கரண்ட் ஆறு தடவை, சராசரி 1,900 வைத்தால் 11,400. தீபாவளி 22,000, பொங்கல் 5,000. மொய் 18,000. எல்லாம் கூட்டினால் 1,30,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் கிட்டத்தட்ட 10,870 ரூபாய். மாதச் செலவு என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த தொகைக்குள் இந்தப் பத்தாயிரம் வரவே இல்லை. "சம்பளம் வந்த மாதிரியே தெரியலையே" என்று இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டில் கிளம்பும் சண்டைக்கு இதுதான் காரணம் என்று அந்தத் தாள்தான் காட்டியது.

ஆக, எங்களுக்கு வேண்டியது வருஷம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் பக்கம். உங்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கலாம். வாரக்கூலி வாங்கும் வீட்டுக்கு வாரப் பக்கம்தான் உயிர். பென்ஷன் வாங்கும் வீட்டில் தேதிதான் முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆன்லைன் பிளானர்

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரல் பைண்டிங் என்பதால் மேஜை மேல் விரித்தால் விரித்தபடி கிடக்கும். ஏ5 அளவு, கைப்பைக்குள் போகும். கணக்கே எழுதிப் பழகாதவர்களுக்கு எங்கே என்ன எழுத வேண்டும் என்று அச்சிலேயே சொல்லிவிடுகிறது. புதுசாகக் கல்யாணமாகி, வாடகை வீட்டில், இரண்டு சம்பளத்தோடு இருப்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், மாதச் செலவுக்கு அதில் இருந்தது 35 வரி. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலு செலவாவது இருக்கும். ஒன்பதாம் தேதியே பக்கம் நிரம்பிவிட்டது. மீதி நாளையெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, பிப்ரவரி இறுதியில் நான் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. தலைப்புகளும் வேடிக்கை. 'சப்ஸ்கிரிப்ஷன்', 'டைனிங் அவுட்', 'பெட் கேர்' என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் செல்லப் பிராணி என்று பார்த்தால் பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று இருக்கிறது, அதன் செலவு பால் கணக்கிலேயே வந்துவிடும். மொய், சீட்டு, நகைச்சீட்டு, கைமாத்து எதற்கும் இடம் கிடையாது.

கரண்ட் பில்லில் இன்னொரு கூத்து. 'யுடிலிட்டீஸ்' கட்டம் ஒரு மாதம் நிரம்பும், மறு மாதம் காலி. காலி மாதத்தில் மிச்சம் வந்த மாதிரி தெரியும். அந்தத் தெம்பில் ஒரு சேலை எடுத்தால் அடுத்த மாதம் கட்டம் நிரம்பி வழியும்.

அச்சிட்ட பிளானர்தான் வேண்டும் என்று முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். தேதி அச்சிட்டதா, தேதி இல்லாததா? எனக்கு வந்தது ஜனவரியில் தொடங்கும் ரகம். பார்சல் கைக்கு வந்தபோது பிப்ரவரி முதல் வாரம், ஒரு மாதப் பக்கம் வீணாகிவிட்டது. மாதத்துக்கு எத்தனை வரி இருக்கிறது? விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது, தாள். ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும், தாளின் கனம் அது. எனக்கு வந்ததில் 70 என்று போட்டிருந்தது. பால்பாயிண்டுக்குப் பரவாயில்லை, ஜெல் பேனா பின்பக்கம் ஊறித் தெரிந்தது. 80, 100 என்றால் நல்லது, விலையும் கூடும்.

ஓசியில் வந்த டைரி

வங்கியில் கொடுத்தது, எல்ஐசி ஏஜெண்ட் கொடுத்தது, நகைக்கடையில் கொடுத்தது என்று மார்கழி முடிவதற்குள் வீட்டில் மூன்று டைரி சேர்ந்துவிடும். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் பொங்கல் கழியட்டும் என்று காத்திருந்தால் விலை இறங்கும். சிவகாசி பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் ஊரில் டைரிக்குப் பஞ்சமே கிடையாது.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம், தேவைக்கு மேல் இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைக் கவனித்திருக்கிறீர்களா? பல டைரிகளில் சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம், அல்லது ஞாயிறுக்கு அடியில் நாலு வரி. ஆபீஸில் உபயோகிக்க அச்சடித்தது, அதனால் லீவு நாளுக்கு இடம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். வீட்டிலோ வாரத்தில் அதிகம் செலவாகும் நாளே அதுதான். காலையில் கறிக்கடை, பத்து மணிக்கு வாரக் காய்கறி, மத்தியானம் யாராவது விருந்தாளி, சாயங்காலம் பிள்ளைகளோடு கடைவீதி. அத்தனையும் நாலு வரிக்குள் அடங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு முழுப் பக்கம் 'மாவு 45' என்ற ஒற்றை வரியோடு காலியாகக் கிடக்கும்.

அதைவிடப் பெரிய குறை, மொத்தம். முப்பது பக்கம் புரட்டிக் கூட்டினால்தான் மாதச் செலவு தெரியும். தலைப்பு வாரியாக வேண்டுமென்றால் இன்னொரு தடவை புரட்ட வேண்டும். நான் இரண்டு மாதம் கூட்டினேன், மூன்றாம் மாதம் கூட்டவில்லை. கூட்டாத கணக்கு வெறும் நாட்குறிப்பு.

ஆனால் என் மாமாவுக்கு (வீட்டுக்காரரின் அப்பா) டைரியைத் தவிர வேறு எதுவும் ஆகாது. இருபது வருஷத்து டைரி பரணில் அடுக்கி இருக்கிறது. மோட்டார் எப்போது காயில் கட்டினோம், தண்ணீர்த் தொட்டி மேல்பூச்சுக்கு எவ்வளவு கொடுத்தோம், பல் டாக்டரிடம் எந்த மாதம் போனோம் என்று எதைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பார். 'எப்போது' என்ற கேள்விக்கு டைரி கெட்டி. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு அது உதவாது. பென்ஷன்காரர்கள் வீட்டில் பெரும்பாலும் முதல் கேள்விதான் வரும், அதனால் அவர்களுக்கு அது பொருத்தம்.

டைரியிலேயே இன்னொரு ரகம் உண்டு, இரண்டு பக்கத்தில் ஒரு வாரம். என் தங்கை திருப்பூரில் இருக்கிறாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலை, சனிக்கிழமை சம்பளம். குழுக் கடன் தவணையும் வாரா வாரம்தான். அவளிடம் போய் மாத பட்ஜெட் என்று பேசினால் சிரிப்பாள். "மாசமாவது ஒண்ணாவது, எனக்குச் சனிக்கு சனி ஒரு மாசம்க்கா" என்பாள். அவளுக்கு இந்த வார டைரி அளவெடுத்துத் தைத்த மாதிரி. இடது பக்கம் மேலே சம்பளம், தவணை போக மீதி, கீழே நாள் வாரியாகச் செலவு. வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன மிச்சம் என்பது அந்த விரிப்பிலேயே தெரிந்துவிடும். வருஷம் முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்டும் என் நோட்டு அவளுக்கு வெறும் அழகு.

ஜப்பான்காரர்களின் ககேபோ

ககேபோ என்றால் வீட்டுக் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். 1904-ல் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் இதை முதலில் வெளியிட்டார். ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று சொல்லப்படுபவர். இதற்கென்று தனிப் புத்தகம் வாங்கத் தேவையில்லை, ஒரு சாதா நோட்டு போதும். நான் பிள்ளையின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் எழுதினேன்.

மாதத் தொடக்கத்தில் வரவை எழுதுவது, கட்டாயச் செலவைக் கழிப்பது, சேமிப்பையும் அப்போதே கழித்துவிடுவது. மீதியை வாரங்களுக்குப் பங்கிட்டு, செலவை நாலு தலைப்பில் எழுதுவது: தேவை, ஆசை, பண்பாடு, எதிர்பாராதது. மாதக் கடைசியில் உட்கார்ந்து அடுத்த மாதம் எதை மாற்றலாம் என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்வது.

முறை நல்ல முறை. எங்கள் வீட்டில் தடுக்கி விழுந்த இடம் நாத்தனார் மகளின் காதுகுத்து. தாய்மாமன் சீராக ஒரு ஜோடித் தோடும் பட்டுப்பாவாடையும் எடுத்தோம். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? புத்தகம், கச்சேரி, கண்காட்சி மாதிரியான செலவுக்குத்தான் பண்பாடு என்ற தலைப்பு என்று படித்திருந்தேன். வீட்டுக்காரர் "எதிர்பாராதது" என்றார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறந்தப்பவே தெரியாதா காது குத்தணும்னு? தேவைன்னு எழுதும்மா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்படி எழுத ஆரம்பித்தால் கல்யாணம், வளைகாப்பு, கோயில் கொடை எல்லாமே தேவையில் போய் விழுந்து, மற்ற மூன்று தலைப்பும் காலி.

ஆனாலும் இரண்டு பழக்கத்தை இதிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எழுதிவிடுவது ஒன்று. மாதக் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதுவது இன்னொன்று. போன மாத வரி: 'ஸ்கூல் வேன் லேட் ஆன நாளில் ஆட்டோ, ஏழு தடவை'. வேன்காரரிடம் பேசச் சொல்லி வீட்டுக்காரரிடம் காட்ட அது உதவியது. அதிகம் எழுதப் பிடிக்காதவர்கள், தனியாக இருப்பவர்கள், விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம். கூட்டுக் குடும்பத்துக்கு நாலு தலைப்பு போதாது.

கவர் முறை

இப்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்களை ஒரு பைண்டரில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் ஒட்டி விற்கிறார்கள். காய்கறிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. சம்பளம் வந்ததும் ரொக்கமாக எடுத்துப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். கவர் காலியானால் அந்த மாதம் அந்தச் செலவு அவ்வளவுதான். இதில் புதுசு ஒன்றும் இல்லை. எங்கள் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் பால் காசும் துவரம்பருப்பு டப்பாவில் சீட்டுக் காசும் இருந்தன.

நோட்டு எவ்வளவு போனது என்று சொல்லும், கவர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். கை தாராளமானவர்களுக்கு இரண்டாவது தகவல்தான் வேலை செய்யும், இதை என் அனுபவத்திலேயே சொல்கிறேன். ஆனால் கவரில் இருக்கும் பணத்தைப் போன் வழியாகக் கொடுக்க முடியாது. வீட்டுக்காரர் காய்கறிக்குப் போனில் கொடுத்துவிட்டு வருவார், கவரில் பணம் அப்படியே இருக்கும், அதை எடுத்து வங்கியில் போடவும் மாட்டோம். இரண்டாம் மாதத்தில் எந்தக் கவரில் யாருடைய பணம் என்று யாருக்கும் தெரியவில்லை. சில்லறைத் தொல்லை தனி. ரொக்கத்திலேயே புழங்கும் வீடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஜெராக்ஸ் ஃபைல் பற்றி இரண்டு வரி போதும். வலைத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாதப் பக்கத்தை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு பிரதி போட்டு ஃபைலில் கோத்தேன். தலைப்பை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது நல்ல விஷயம். தாள் ஒவ்வொன்றாகக் கழன்று, பங்குனிப் பக்கம் பிள்ளையின் ராக்கெட்டாகப் பறந்தது கெட்ட விஷயம்.

சிவப்பு அட்டை நோட்டு

இந்த நோட்டை கடையில் குயர் கணக்கில் கேட்க வேண்டும். ஒரு குயர், இரண்டு குயர் என்பார்கள்; பழைய கணக்கில் குயர் என்பது 24 தாள். அதை மடித்துத் தைத்தால் பக்கம் பெருகும். இரண்டு குயர் எங்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தாராளம். நூல் தையல் போட்டதாக வாங்குங்கள். பசை மட்டும் வைத்து ஒட்டியது ஆறு மாதத்தில் வாயைப் பிளக்கும், அதிலும் நம் ஊர் சித்திரை வெயிலில்.

பக்கத்தில் தேதிக்கு ஒரு கோடு, விவரத்துக்கு அகலமான இடம், வலது ஓரத்தில் ரூபாய்க்கும் பைசாவுக்கும் தனித்தனிக் கோடு. பைசாவுக்கு இப்போது என்ன வேலை? அந்தக் கோட்டுக்குள் நான் யார் கொடுத்தார்கள் என்று ஒரு எழுத்துப் போடுகிறேன். 'நா' என்றால் நான், 'வீ' வீட்டுக்காரர், 'அ' அத்தை. மாதக் கடைசியில் அத்தை கைக்காசில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கூட்டி அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்தப் பிளானரிலும் இந்த வசதி கிடையாது, எழுபது ரூபாய் நோட்டில் தற்செயலாக இருக்கிறது.

ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்: காய் 110. மாவு 45. ஜாமெட்ரி பாக்ஸ் 160. ஆட்டோ 80. ஆக 395. அவ்வளவுதான். தலைப்பு எதுவும் அங்கே எழுதுவதில்லை.

தலைப்பு பின்னால் இருக்கிறது. இதைக் கடைக் கணக்கு எழுதுபவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன். அவர்கள் நடந்தது நடந்தபடி, நாள் வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். அப்புறம் சாவகாசமாக அதை இனம் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அச்சிட்ட பிளானர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். எழுதும்போதே இனம் பிரிக்கச் சொல்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து, ஜாமெட்ரி பாக்ஸ் படிப்புச் செலவா வீட்டுச் செலவா என்று யோசிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்?

நான் ஒரே நோட்டில் இரண்டையும் செய்கிறேன். முன்பக்கமிருந்து குறிப்பேடு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்னட்டைப் பக்கமிருந்து பேரேடு. பேரேட்டில் எதிரெதிர் இரண்டு பக்கத்தை விரித்து வைத்து, ஸ்கேல் பிடித்து மாதத்துக்கு ஒரு கோடாகப் பன்னிரண்டு கோடு. இடது ஓரத்தில் பதினான்கு தலைப்பு, மொய்யும் சீட்டும் உட்பட. மாதக் கடைசியில் இருபது நிமிஷம் வேலை. வருஷம் முழுவதும் அந்த ஒரு விரிப்பில் தெரியும். ஆவணிக் கோட்டில் என்ன வரப்போகிறது என்று வைகாசியிலேயே பென்சிலால் எழுதி வைத்துவிடலாம். மேலே சொன்ன 10,870 ரூபாயைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட ஆரம்பித்ததும் இந்த விரிப்பைப் பார்த்துத்தான்.

கரண்ட் வரியில் மட்டும் தொகைக்குப் பக்கத்தில் யூனிட்டையும் எழுதுகிறேன். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். ஆனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் இருக்கும் யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். ஒரு கோடையில் எங்களுக்கு 500-க்குக் கொஞ்சம் மேலே போய் பில் எகிறியது. பக்கத்துக் கோட்டில் போன வருஷ யூனிட் இருப்பதால் இப்போது கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரை எட்டிப் பார்த்துவிடுகிறோம்.

தொடங்க நல்ல மாதம் ஏப்ரல். சித்திரை பிறக்கிறது, நிதியாண்டும் வீட்டு வரியின் முதல் அரையாண்டும் தொடங்குகின்றன, பள்ளி ஃபீஸ் அறிவிப்பும் அப்போதுதான் வரும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். இது அத்தையின் இலாகா.

குறையும் உண்டு. கோடு போட வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்கே போய்விடும். எழுதவில்லை என்றால் நினைவுபடுத்த இதில் ஒன்றும் கிடையாது. அழகும் கிடையாது, கைப்பையில் வைக்கவும் முடியாது, பையை விட நோட்டு நீளம். கோடு போடுவது எரிச்சலான வேலை என்று நினைப்பவர்கள் இதை வாங்கினால் வைகாசியில் அது பிள்ளைகளின் ரஃப் நோட்டாகிவிடும். அவர்களுக்கு, தேதி அச்சிடாத, வரி அதிகமுள்ள பிளானரே மேல். 400 ரூபாய் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எதை வாங்கினாலும் இரண்டை அதற்குள் திணிக்காதீர்கள். பால் கணக்குக்கும் சிலிண்டர் தேதிக்கும் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். பால் வராத நாளில் ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாட்டிய அன்று ஒரு வட்டம். 14.2 கிலோ எத்தனை நாள் ஓடுகிறது என்று வட்டத்துக்கு வட்டம் எண்ணினால் தெரியும். அப்புறம் மொய் நோட்டு. எங்கள் பக்கம், தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை எல்லாம் மொய் என்பது கொடுக்கல் வாங்கல். இப்போது மண்டபத்திலேயே லேப்டாப் வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளின் மை வருஷம் போனால் மங்கிவிடும். நமக்கு வந்ததை ஊர், பெயர், தொகையோடு கெட்டி அட்டை நோட்டில் எழுதி பீரோவில் வைக்க வேண்டும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்துத் திருப்பிச் செய்ய வேண்டியது அது. ஒரு வருஷத்தில் முடியும் நோட்டில் அதற்கு இடமில்லை. இந்த வருஷம் நாம் செய்யும் தொகை மட்டும் பேரேட்டில் ஏறினால் போதும்.

கடைசியாக ஒன்று. எல்லோர் கண்ணிலும் படும்படி ஃபிரிட்ஜ் மேல் நோட்டை வைத்தால் சிறுவாட்டுப் பணத்தை எங்கே எழுதுவது என்று என் தங்கை கேட்டாள். பேரேட்டில் பதினான்காவது தலைப்பு 'இதர'. மாதம் 500 ரூபாய், பன்னிரண்டு கோட்டிலும் ஒரே தொகை, ஒரு பைசா கூடக் கூடவோ குறையவோ இல்லை. இரண்டு வருஷமாக வீட்டுக்காரர் ஒவ்வொரு மாதமும் அந்த விரிப்பைப் பார்க்கிறார், இதர என்றால் என்ன என்று கேட்டதில்லை. அத்தை மட்டும் ஒரு தடவை அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டார்.